சிறு நிறுவனங்களுக்குத் தரவுத்தளம்: சிக்கல் கருவியிலா, வடிவமைப்பிலா?

#1 தரவுத்தச்சன்

வணக்கம். சிறு நிறுவனங்களுக்குத் தரவுத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அச்சகம், பழுதுபார்க்கும் பட்டறை, மொத்த விற்பனைக் கிடங்கு என்று பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடங்கள். எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எக்செல் கோப்புதான். ‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்ற பெயர்களில் அதன் நகல்கள் எல்லாக் கணினிகளிலும் கிடக்கும். எது உண்மையானது என்று ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடும்.

இத்தனைக்கும் தரவுத்தளம் வல்லுநர்களுக்காக மட்டும் உருவானதன்று. 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் தொடர்புசார் மாதிரியை முன்வைத்தபோது, தரவு கணினிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனர் அறிந்திருக்கத் தேவையில்லை என்பதே அவருடைய அடிப்படை வாதம். 1974-இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கான எஸ்.கியூ.எல். மொழியின் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். நிரல் எழுதாதவர்களும் தரவைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அதே காலகட்டத்தில் மோஷே ஸ்லூஃப், வெற்று அட்டவணையில் மாதிரி விடையை நிரப்பினாலே வினவல், அதாவது தரவிடம் கேட்கும் கேள்வி, ஆகிவிடும் முறையை உருவாக்கினார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சிறு தொழில் நடத்துபவர் இன்னும் எக்செலை விட்டு நகரவில்லை.

வினவல் மொழி பெரிய தடை என்று நான் நினைக்கவில்லை. ‘இந்த அட்டவணையில் ஒரு வரி எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டால் பெரும்பாலானோரால் விடை சொல்ல முடிவதில்லை. ஒரு வரி என்பது ஒரு வாடிக்கையாளரா, ஒரு ஆர்டரா, ஆர்டரில் உள்ள ஒரு பொருளா? இதைத் தீர்மானித்துவிட்டால் பாதி வடிவமைப்பு முடிந்தது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் கருவி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

#2 பேரேடு

நான் கணக்காளர். எக்செல் போன்ற விரிதாளைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

1979-இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தபோது கணக்குப் பார்ப்பவர்கள் அதை ஏன் உடனே ஏற்றுக்கொண்டார்கள்? அது எதையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. கட்டத்தில் எழுதினால் எழுதியது நின்றது. தரவுத்தளமோ வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்கிறது: இந்த நெடுவரிசையில் எண்ணா, எழுத்தா? எத்தனை எழுத்து? காலியாக இருக்கலாமா? ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி எது? தொழில் எப்படி வளரும் என்று தொழில் நடத்துபவருக்கே தெரியாத நேரத்தில் அவர் இதற்கெல்லாம் என்ன விடை சொல்வார்?

2007-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜகதீஷ் குழுவினர் தரவுத்தளங்களின் பயன்பாட்டுச் சிக்கல்களை ஆராய்ந்து எழுதியபோது, இந்தத் தொடக்கத் துன்பத்தைப் பிரசவ வலி என்றே குறிப்பிட்டார்கள். முதலில் அமைப்பு, பிறகு தரவு என்ற வரிசையைத் தளர்த்த வேண்டும் என்பது அவர்களின் வாதம். எனக்கு அது முழுக்கச் சரி. தரவை முதலில் எழுதவிடுங்கள். ஒரே பெயர் முப்பது வரிகளில் வந்தால், ‘இதைத் தனி அட்டவணையாக்கலாமா?’ என்று கருவி கேட்கட்டும்.

#3 பின்தளம்

பேரேடு அவர்களே, நீங்கள் சொல்லும் அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளை அந்த வடிவத்தில் சேர்த்தபோது, இடம் போதாமல் ஏறத்தாழ 16,000 நோயாளிகளின் பதிவு அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது. அதே ஆண்டில் மனித மரபணுப் பெயர்க் குழு சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற பெயர்களை விரிதாள் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றி எழுதிவிடுவதுதான் காரணம். அறிவியலே தன் பெயர்களை விரிதாளுக்காக மாற்ற வேண்டியிருந்தது என்றால் சிறு நிறுவனம் எம்மாத்திரம்?

பெரிய நிகழ்வுகளை விடுங்கள். தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் சுழியம் மறைந்துபோகும். எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், ஆகவே 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். எச்சரிக்கைகூட வராது. ‘எண்ணா, எழுத்தா?’ என்று தரவுத்தளம் வாசலில் கேட்பது இதைத் தடுக்கத்தான்.

#4 தரவுத்தச்சன்

இருவர் சொல்வதையும் ஏற்கிறேன். ஆனால் தரவு வகையைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் புரியும். ஓர் அச்சகத்தின் ஆர்டர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைகள் இப்படி இருக்கும்: தேதி, வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி, பொருள் 1, அளவு 1, விலை 1, பொருள் 2, அளவு 2, விலை 2, பொருள் 3, அளவு 3, விலை 3, மொத்தம்.

ஒருவர் நான்கு வகை வேலை கொண்டுவந்தால் என்ன செய்வது? சிலர் வலப்பக்கம் மூன்று நெடுவரிசைகள் சேர்ப்பார்கள். சிலர் அடுத்த வரியில் பெயரை மறுபடி எழுதித் தொடர்வார்கள். இன்னும் சிலர் ‘பொருள் 3’ கட்டத்திலேயே காற்புள்ளி போட்டு இரண்டு பொருள்களை எழுதிவிடுவார்கள். மூன்று பழக்கமும் ஒரே தாளில் கலந்திருக்கும். ‘சென்ற மாதம் விசிட்டிங் கார்டு மட்டும் எவ்வளவு அச்சடித்தோம்?’ என்று உரிமையாளர் கேட்டால், மூன்று பொருள் நெடுவரிசைகளையும் தனித்தனியாகத் தேடிக் கூட்ட வேண்டும். காற்புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது எப்படியும் தப்பிவிடும்.

இங்கேதான் ‘ஒரு வரி எதைக் குறிக்கிறது’ என்ற கேள்வி வருகிறது. இந்தத் தாளில் ஒரு வரி ஓர் ஆர்டராகவும் இருக்கிறது, ஆர்டரில் உள்ள பொருளாகவும் இருக்கிறது, வாடிக்கையாளராகவும் இருக்கிறது. பிரித்துவிட்டால் நான்கு அட்டவணைகள்: வாடிக்கையாளர், பொருள், ஆர்டர், ஆர்டர் விவரம். நான்காவதில்தான் உயிர் இருக்கிறது. அதில் ஒரு வரி என்பது ‘இந்த ஆர்டரில், இந்தப் பொருள், இத்தனை’ என்பது மட்டுமே. மூன்று பொருள் என்றால் மூன்று வரி, முப்பது என்றால் முப்பது வரி. நெடுவரிசைகளின் எண்ணிக்கை மட்டும் அதிகமாகவே கூடாது.

இதை ‘இயல்பாக்கம்’ என்ற பாடமாக நடத்தினால் யாருக்கும் ஏறாது. ஆனால் அவர்கள் அன்றாடம் கையால் எழுதும் ரசீதைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். மேலே தேதியும் பெயரும் ஒருமுறை. கீழே கோடு போட்ட வரிகளில் பொருள்கள். மேல்பகுதி ஓர் அட்டவணை, கோட்டுப்பகுதி இன்னோர் அட்டவணை. நிறுவனம் பயன்படுத்தும் காகிதங்களை மேசையில் பரப்பிவைத்து, எந்தப் பகுதி ஒருமுறை வருகிறது, எது மீண்டும் மீண்டும் வருகிறது என்று வட்டமிட்டால் வடிவமைப்பில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. கணினியைத் திறக்கவே வேண்டாம்.

#5 பட்டறைக்காரர்

நான் இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே உள்ளதைப் படித்துக்கொண்டே என் தாளைத் திறந்து பார்த்தேன். அச்சு அசல் அதேதான்.

மூன்று சந்தேகங்கள். ஒரே வாடிக்கையாளரைப் பணியாளர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். தொலைபேசி எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாமா? இரண்டாவது, உதிரிபாகங்களின் விலைப்பட்டியலைத் தனித்தாளில் வைத்து அதிலிருந்து விலை தானாக வரும்படி சூத்திரம் போட்டிருக்கிறேன். விலையை மாற்றினால் பழைய ரசீதுகளின் தொகையும் மாறிவிடுகிறது. தரவுத்தளத்திலும் விலை ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறார்களே, அப்போதும் இது நடக்குமா? மூன்றாவது, ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஒரு நிரலரைத் தேடிப் போகும் நிலை எனக்கு வேண்டாம்.

#6 தரவுத்தச்சன்

முதல் கேள்விக்கு: தொலைபேசி எண்ணைச் சாவியாக வைக்காதீர்கள். எண் மாறும். ஒரே எண்ணை இருவர் பயன்படுத்துவார்கள். சிலர் எண் கொடுக்கவே மாட்டார்கள். அமைப்பே தானாக வழங்கும், எந்தப் பொருளும் இல்லாத ஒரு வரிசை எண்தான் சாவி. தொலைபேசியும் பெயரும் தேடுவதற்கு மட்டும். படிவத்தில் எண்ணின் சில இலக்கங்களைத் தட்டியதும் ஏற்கெனவே உள்ளவர்கள் பட்டியலாக வர வேண்டும். ‘புதிய வாடிக்கையாளர்’ பொத்தான் அந்தப் பட்டியலுக்குக் கீழே இருக்க வேண்டும். பொத்தானை மேலே வைத்தீர்கள் என்றால் அவசரத்தில் எல்லோரும் புதியவராகவே பதிவு செய்வார்கள். இரட்டைப் பதிவுகளைக் குறைப்பதில் இந்தச் சின்ன இடமாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. நன்றாகப் பயின்றவர்களும் இடறும் இடம். ‘ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்’ என்ற விதி சரி. ஆனால் ‘இந்தப் பாகத்தின் இன்றைய விலை’ ஒரு செய்தி, ‘அந்த நாளில் அந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய விலை’ வேறொரு செய்தி. இரண்டும் தற்செயலாக ஒரே எண்ணாக இருக்கலாம். ஆகவே பொருள் அட்டவணையிலும் விலை இருக்கும், வேலை விவர அட்டவணையிலும் விலை இருக்கும். பதிவு செய்யும் நொடியில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நகல் எடுக்க வேண்டும், அதன் பிறகு இரண்டுக்கும் தொடர்பே இல்லை. வரிவிகிதத்துக்கும் இதே முறைதான். ரசீதில் அச்சான முகவரிக்கும் இதே முறைதான்.

கூடவே ஒன்று: பணத்தை மிதவைப்புள்ளி எண்ணாக, அதாவது பின்னங்களைக் கணினி தோராயமாக வைத்திருக்கும் வகையில், சேமிக்க வேண்டாம். அந்த வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது. பதின்மப் புள்ளி எண்களை அப்படியே வைத்திருக்கும் பதின்ம வகையைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாத இடத்தில் மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வையுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு மற்றவர்கள் சொல்லட்டும்.

#7 எழுத்துரு

பெயர்கள் ஆளுக்கொரு விதமாக இருப்பதற்குப் பணியாளர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் பதிவு செய்கிறீர்கள் என்றால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் கணினிக்கு இரண்டாக இருக்கலாம்.

‘பொன்’ என்று எழுதுகிறோம். இதில் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் நேருக்கு நேர் ஒப்பிட்டால் தரவுத்தளம் ‘இரண்டும் வெவ்வேறு’ என்று சொல்லிவிடும். தேடினால் கிடைக்காது, ஒன்றே இருமுறை பதிவாகாமல் தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடும் அதைப் பிடிக்காது. பதிவாகும் எல்லா உரையையும், இத்தகைய குறிகளை ஒரே சீராக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். நிரலில் ஒரே ஒரு வரிதான். தமிழில் இயங்கும் எந்த மென்பொருளுக்கும் இதை நான் கட்டாயம் என்பேன்.

வரிசைப்படுத்தலும் இப்படித்தான். யூனிகோட் குறியீட்டு வரிசையில் ந-வுக்கு அடுத்து ன வருகிறது, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ உட்கார்ந்திருக்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அகரவரிசை குலையும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இயல்பாக அப்படித்தான் அடுக்குகிறது. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொன்றில், 10-ஆம் பதிப்பிலிருந்து, பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஐ.சி.யூ. நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்த வழி இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் கண்ணால் தேடும் பணியாளருக்கு இது சின்ன விஷயமன்று.

தரவைச் சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாக, ஏற்றுமதி செய்து எக்செலில் திறந்ததும் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம், தரவு கெடவில்லை. கோப்பின் தலையில் பி.ஓ.எம். என்ற தொடக்கக் குறி இல்லாததுதான் காரணம்.

#8 பின்தளம்

பட்டறைக்காரருக்கு, கருவிகளைப் பற்றி.

நிரலர் இல்லாமல் தரவுத்தளம் என்ற ஆசை புதிதன்று. ஃபைல்மேக்கர் 1985-இல் வந்தது, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 1992-இல் வந்தது. ஆக்சஸ் இன்றும் நல்ல கருவி என்பேன். அட்டவணை, படிவம், அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். ஆனால் கோப்பின் அளவு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது, விண்டோஸ் கணினிக்கு வெளியே வேலை செய்யாது. கட்டணமின்றி வேண்டுமானால் லிப்ரேஆபிஸ் பேஸ் இருக்கிறது. இணையவழியில் ஏர்டேபிள் போன்றவை விரிதாளின் முகத்தோடு தரவுத்தளத்தின் தொடர்புகளைத் தருகின்றன. பேஸ்ரோ, நோகோடிபி இரண்டையும் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். பேரேடு அவர்கள் கேட்ட ‘முதலில் தரவு, பிறகு அமைப்பு’ என்பதற்கு இவைதான் இப்போதைக்கு நெருக்கமாக வருகின்றன.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்துப் பதிவுகளை உள்ளிட்டு, எல்லா அட்டவணைகளையும் சாவிகளோடு வெளியே எடுத்து, வேறொரு கருவியில் ஏற்றிப் பாருங்கள். ஆர்டரும் விவரமும் மறுபடி ஒன்றோடொன்று பொருந்தினால் அந்தக் கருவியை நம்பலாம். நிரலரைச் சார்ந்திருப்பதைவிட மோசமானது, தரவை வெளியே விடாத நிறுவனத்தைச் சார்ந்திருப்பது.

#9 பேரேடு

எழுத்துரு சொன்னதை இதுவரை எந்த மென்பொருள் விற்பனையாளரும் எங்களிடம் சொன்னதில்லை. மிக்க நன்றி.

நான் எரிச்சலடையும் இன்னோர் இடம் பிழைச் செய்திகள். ‘ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெயின்ட் ஃபெயில்டு’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பும். கல்லாவில் நிற்பவர் என்ன செய்வார்? சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டு, பதிவைத் தாளில் எழுதிவைப்பார். ‘இந்த வாடிக்கையாளர் பெயரில் முடியாத வேலை இரண்டு இருக்கிறது, அதனால் நீக்க முடியாது’ என்று சொல்ல வேண்டியதுதானே? எந்த வேலை என்று காட்டவும் வேண்டும். நிரலர்கள் இதற்குச் செலவிட வேண்டிய நேரத்தை அலங்காரமான வரைபடங்களில் செலவிடுகிறார்கள் என்பதே என் குறை.

அழித்ததைத் திரும்பப் பெறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரிதாளில் கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் போதும். தரவுத்தளத்தில் அப்படி ஒன்று இல்லை.

#10 பின்தளம்

குறை நியாயமானது. எஸ்கியூலைட்டின் பிழைச் செய்தி எந்தத் தொடர்பு உடைந்தது என்பதைக்கூடச் சொல்லாது. அதைவிட முக்கியமாக, எஸ்கியூலைட்டில் அயல் சாவிச் சோதனை, அதாவது ஒரு வரி சுட்டும் இன்னோர் அட்டவணையின் வரி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது, இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் இயக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருள் 8.0.16 பதிப்புக்கு முன்பு வரை, ‘அளவு சுழியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்’ போன்ற செக் கட்டுப்பாட்டை எழுதினால் ஏற்றுக்கொண்டு, பிறகு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டு இல்லாமல் போவதுதான் மிகக் கொடியது. ஆகவே அமைத்து முடித்ததும் வேண்டுமென்றே தவறான பதிவு ஒன்றை இட்டுப் பாருங்கள். அது உள்ளே போய்விட்டால் காவல் இல்லை என்று பொருள்.

நீக்குவதைப் பொறுத்தவரை, பணியாளருக்கு உண்மையான நீக்கும் உரிமையையே கொடுக்காதீர்கள். ‘செயலில் இல்லை’ என்று குறிக்கும் நெடுவரிசை போதும். யார், எப்போது, எதை, என்னவாக மாற்றினார்கள் என்பதை ஒரு வரலாற்று அட்டவணையில் தானாக எழுதவையுங்கள். நிபந்தனை இல்லாத ஓர் அப்டேட் கட்டளை முழு அட்டவணையையும் ஒரே நொடியில் மாற்றிவிடும், அப்போது காப்பு நகல்தான் துணை. ஒன்று கவனியுங்கள்: ஒருவர் பதிவு செய்துகொண்டிருக்கும்போது எஸ்கியூலைட் கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்தால் நகல் பழுதாகலாம். அதற்கென்று உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எடுத்த நகலை வேறு கணினியில் திறந்து பார்க்காதவரை அதைக் காப்பு நகல் என்று எண்ண வேண்டாம்.

#11 பட்டறைக்காரர்

எல்லோருக்கும் நன்றி. ரசீதையும் வேலைச் சீட்டையும் மேசையில் பரப்பி வட்டமிட்டுப் பார்த்தேன். ஐந்து அட்டவணைகள் வந்திருக்கின்றன: வாடிக்கையாளர், இயந்திரம், வேலை, உதிரிபாகம், வேலைக்குப் பயன்பட்ட பாகம். கடைசி அட்டவணையில் அந்த நாளின் விலையையும் வைத்திருக்கிறேன். வேலை அட்டவணையில் வந்த தேதி, புகார், நிலை, மொத்தம் ஆகிய நெடுவரிசைகள். பார்த்துச் சொல்லுங்கள்.

#12 தரவுத்தச்சன்

மிக நன்றாக வந்திருக்கிறது. இயந்திரத்தை வாடிக்கையாளரிடமிருந்து பிரித்தது நல்ல முடிவு. இயந்திரம் கை மாறினாலும் அதன் பழுது வரலாறு அதோடே இருக்கும்.

இரண்டு இடங்களை மாற்றுவேன். ‘மொத்தம்’ வேண்டாம், பயன்பட்ட பாகங்களைக் கூட்டினால் வருவதைத் தனியாகச் சேமித்தால் ஒருநாள் இரண்டும் முரண்படும். கூலி தனியாக இருந்தால் அதையும் விவர வரியாகவே எழுதுங்கள். அடுத்தது ‘நிலை’. அதை ஒரு கட்டமாக வைத்தால் இன்றைய நிலை மட்டுமே தெரியும், நேற்றையது அழிந்துவிடும். நீங்கள் பிறகு கேட்கப்போகும் கேள்வி எதுவென்று யோசித்துப் பாருங்கள். ‘பாகம் வராமல் இயந்திரங்கள் எத்தனை நாள் காத்துக் கிடக்கின்றன?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கு ‘நிலைமாற்றம்’ என்று ஆறாவது அட்டவணை வேண்டும்: வேலை எண், புதிய நிலை, நேரம், மாற்றியவர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி.

#13 பட்டறைக்காரர்

கேள்வி சரியாக அதுதான். ஆனால் கையில் கிரீஸோடு வேலை செய்பவர்கள் இதைத் தட்டச்சு செய்து கொண்டிருக்க மாட்டார்கள்.

#14 தரவுத்தச்சன்

தட்டச்சு எதுவும் வேண்டாம். வேலை எண்ணைத் தொட்டதும் நான்கு பெரிய பொத்தான்கள்: பிரித்தாயிற்று, பாகத்துக்குக் காத்திருப்பு, சரிசெய்தாயிற்று, ஒப்படைத்தாயிற்று. நேரத்தையும் ஆளையும் அமைப்பே எழுதிக்கொள்ளும்.

#15 பட்டறைக்காரர்

ஐந்தாவதாக ஒன்று வேண்டும். பிரித்துப் பார்த்துச் செலவைச் சொன்ன பிறகு வாடிக்கையாளர் சம்மதம் சொல்லும்வரை இயந்திரம் அப்படியே கிடக்கும். பாகத்துக்காகக் காத்திருப்பதாகத்தான் இவ்வளவு நாளும் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தோம்.

#16 தரவுத்தச்சன்

சேருங்கள். நிலைகளின் பட்டியலையும் ஓர் அட்டவணையாகவே வைத்துவிடுங்கள், பொத்தான்கள் அதிலிருந்து வரட்டும். ஆறாவது நிலை தேவைப்படும் நாளில் நீங்களே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.